கிணற்றுக்கும் வேருக்கும் நடுவில் காணாமல் போகும் தண்ணீர்: ஆய்க்குடி வட்டார விவசாயிகள் கவனத்துக்கு

2025ஆம் ஆண்டில் பாசனக் குழாய் தொடர்பாக இரண்டு செய்திகள் வந்தன. ஏப்ரல் மாதம் மத்திய அமைச்சரவை ரூ.1,600 கோடி மதிப்பில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இப்போதுள்ள கால்வாய் போன்ற நீர் ஆதாரத்திலிருந்து நிலத்தடியில் குழாய் பதித்து, தண்ணீரை அழுத்தத்தோடு வயல் வரை கொண்டுவருவது அதன் நோக்கம். அங்கிருந்து விவசாயி சொட்டு நீருக்கோ தெளிப்பு நீருக்கோ எடுத்துக்கொள்ளலாம். முதலில் சில இடங்களில் முன்னோடியாகச் செய்து பார்க்கத் திட்டமிட்டார்கள். அடுத்து, செப்டம்பர் 22 முதல் சொட்டு நீர், தெளிப்பு நீர்க் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டுமே நல்ல செய்திகள்தான். ஆனால் புதுக் குழாய் வாங்குவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, ஏற்கெனவே பதித்த குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள். சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டிய பைப், சொட்டிக்கொண்டே இருக்கும் கேட் வால்வு, அதைச் சுற்றி எந்நேரமும் பச்சையாக நிற்கும் கோரை. அந்தக் கோரைக்கு நீங்கள் தினமும் பாசனம் செய்கிறீர்கள்.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை நிரம்புகிறது, அனுமன் நதியில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்படும்போது தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்ற எண்ணம் வந்துவிடும். ஆனால் மலையை விட்டுக் கிழக்கே சில மைல் போனாலே சாரல் போய் வெறும் காற்றுதான் மிஞ்சும். கார், பிசானம் இரண்டும் முடிந்து பங்குனி, சித்திரை வந்துவிட்டால் தென்னையோ எலுமிச்சையோ காய்கறியோ எதுவானாலும் கிணறும் போரும்தான் கதி. அந்த இரண்டு மாதத்தில் மோட்டார் அரை மணி நேரம் கூடுதலாக ஓடுகிறதா, காற்று வாங்கி நிற்கிறதா என்பதில்தான் குரும்பை உதிராமல் நிற்பது இருக்கிறது.

கடையநல்லூரிலும் தென்காசியிலும் இருந்து சிங்கப்பூர் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அங்குள்ள குழாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது கடல் சூழ்ந்த சின்னத் தீவு. குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதியை 1962இல் போட்ட ஒப்பந்தப்படி இன்றைக்கும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்குகிறார்கள். அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதனால் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது, கடல் நீரைக் குடிநீராக்குவது என்று பெரிய வேலைகளைச் செய்தார்கள். கூடவே ஒரு சின்ன வேலையையும் விடாமல் செய்தார்கள். வீட்டுக் குழாய்களின் வாயில் நீரோட்டத்தைக் குறைக்கும் சிறு வில்லையைப் பொருத்தச் சொன்னார்கள். 2009 முதல், ஒரு குழாய் எவ்வளவு தண்ணீர் விடும் என்று குறிக்கும் அட்டை இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். 2003இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டராக இருந்த வீட்டுப் பயன்பாடு 2018இல் 141 லிட்டருக்கு வந்தது.

அங்கே இது நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீருக்கு விலை இருக்கிறது, 2017, 2018இல் அதை 30 சதவீதம் உயர்த்தவும் செய்தார்கள். குழாய் ஒழுகினால் மாதக் கடைசியில் பில் காட்டிக் கொடுத்துவிடும். நமக்கு 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். நான் இலவச மின்சாரத்துக்கு எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் சிறு விவசாயி கிணற்றை மூடிவிட வேண்டியதுதான். ஆனால் ஒழுகலைக் காட்டிக் கொடுக்க நம்மிடம் பில் இல்லை. நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு 200 லிட்டர் டிரம்மும் கைபேசிக் கடிகாரமும் போதும். மண் வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள், தொட்டியிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் டிரம் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். பிறகு கடைசிப் பாத்திக்கு முன் ஒரு குழி தோண்டி டிரம்மை இறக்கி அங்கேயும் பாருங்கள். முதல் இடத்தில் 40 விநாடி, இரண்டாவது இடத்தில் 50 விநாடி என்றால் மணிக்கு 18,000 லிட்டர் புறப்பட்டு 14,400 லிட்டர்தான் போய்ச் சேருகிறது. ஐந்து மணி நேரம் பாய்ச்சினால் 18,000 லிட்டர், அதாவது ஒரு மணி நேர மோட்டார் ஓட்டம் முழுவதும், வாய்க்கால் மண்ணுக்குப் போய்விட்டது.

பைப்பில் கொண்டுபோகிறவர்கள் இதே கணக்கை அப்படியே போடக் கூடாது. பைப் நீளம் கூடினால் உராய்வு கூடும், மோட்டார் குறைவாகத் தள்ளும். அதில் தண்ணீர் வீணாவதில்லை. நேரமும் மின்சாரமும்தான் போகின்றன. பைப்பில் ஒழுகல் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேறு வழி உண்டு. மாலையில் பைப்பை நிரப்பி, வயல் பக்க வால்வு எல்லாவற்றையும் மூடி, மோட்டார் பக்கக் கேட் வால்வையும் மூடிவிடுங்கள். மேட்டுப் பக்கம் செங்குத்தாக நிற்கும் காற்றுக் குழாயில் ஒரு குச்சியை விட்டு நீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தடத்தோடு நடந்து போனால் ஈர மண் இடத்தைக் காட்டிவிடும்.

உராய்வைப் பற்றிச் சொன்னேன். செலவு மிச்சம் என்று 3 அங்குலத்துக்குப் பதில் 2 அங்குல பைப் போட்டால், அதே அளவு தண்ணீரைத் தள்ள உராய்வு ஏறத்தாழ ஏழு மடங்கு ஆகும். இதைத் தெரியாமல் குதிரைத்திறன் கூடிய மோட்டாரை வாங்கி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மோட்டாரை மாற்றும் முன் பைப்பை மாற்றிப் பாருங்கள்.

இணைப்பு போடுவதில் நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பிவிசி பைப்பின் நுனியைத் தீயில் காட்டி அகலமாக்கி அடுத்த பைப்பைச் செருகிவிடுவது. அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிடும். கரண்ட் வந்து மோட்டார் திடீரென்று எடுக்கும்போது முதலில் பிளப்பது அங்கேதான். கப்ளர் விலை பெரிய விலை இல்லை. பைப்பை நேராக அறுத்து, உப்புத்தாள் போட்டு, துடைத்து, பேஸ்ட் தடவி மாட்டுங்கள். குறைந்தது அரை நாள் தண்ணீர் விடாதீர்கள். வெயிலில் கிடக்கும் பிவிசி சில வருடத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டால் உழவுக்கும் இடைஞ்சல் இல்லை.

சொட்டு நீர் போட்டவர்கள், போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் அடியில் ஆறு நிமிடம் பாத்திரம் வைத்தால் 400 மில்லி வர வேண்டும். முதல் டியூபின் முதல் சொட்டுவானிலும் கடைசி டியூபின் கடைசிச் சொட்டுவானிலும் வைத்துப் பாருங்கள். கடைசியில் 250 மில்லிதான் வருகிறது என்றால் அந்தப் பக்கத்துச் செடி வாடும். அதைப் பார்த்து நீங்கள் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டுவீர்கள், முன்பக்கச் செடிக்குத் தேவைக்கு மேல் போகும். பெரும்பாலும் கோளாறு ஃபில்டரில்தான் இருக்கும். திறந்து கழுவுங்கள், டியூபின் கடைசி மூடியைக் கழற்றி அழுக்கு போகும்வரை தண்ணீர் விடுங்கள். அணில், எலி கடித்த ஓட்டையும், மலையடிவாரத் தோட்டங்களில் பன்றி மிதித்த டியூபும் மீதிக் காரணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொட்டு நீரில் மிச்சமான தண்ணீரை வைத்துக் கூடுதலாக ஒரு ஏக்கர் நட்டால் கிணற்றில் ஒரு சொட்டும் மிச்சமாகாது. உங்கள் வருமானம் கூடலாம், அதில் தப்பில்லை. ஆனால் சித்திரையில் கிணறு பழையபடியே வற்றும். அப்போது வாடுவது இரண்டு ஏக்கராக இருக்கும்.

வீட்டுக் குழாய்க்கும் இதே கண்ணோட்டம்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் கணக்கு வைத்திருப்பது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். தெருக் குழாயிலோ தொட்டி வால்விலோ நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் ஒரு நாளில் 1,440 லிட்டர், அதாவது 26 பேரின் பங்கு. வாஷர் ஒன்று மாற்றினால் நின்றுவிடும் ஒழுகல்தான் இதில் அதிகம்.

மானிய விவரம். தமிழ்நாட்டில் சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஏழு ஆண்டு முடிந்த பழைய அமைப்பை மாற்றவும் மறுபடி விண்ணப்பிக்கலாம். கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்க, துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் பாதிச் செலவு, எக்டருக்கு ரூ.10,000 வரை கிடைக்கும். இது சொட்டு நீர் அமைப்பவர்களுக்கு மட்டும்தான். இந்த ஆண்டு ஒதுக்கீடு மீதி இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று தயாராக இருக்கட்டும். தாசில்தாரிடம் அந்தச் சான்று வாங்கத்தான் நாளாகும். பங்குனியில் ஓடாமல் இப்போதே எழுதிக் கொடுங்கள். சொந்தச் செலவில் பைப் வாங்குகிறவர்கள் ஐஎஸ் 4985 என்ற எண் பைப்பின் மேல் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து, 5 சதவீத வரி சொட்டு நீர்க் கருவிக்குத்தான் என்பதையும் நினைவில் வைத்து பில்லைக் கேட்டு வாங்குங்கள்.