ஓடுகிற ஏ.சி.யை எப்போது மாற்றுவது?

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" பழைய ஏ.சி. வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் சொல்வது இதுதான். ஓடுகிறதா என்பது ஒரு கணக்கு. என்ன செலவில் ஓடுகிறது என்பது வேறு கணக்கு.

படுக்கும்போதும் விடிந்த பிறகும் மீட்டரைப் பாருங்கள். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படி யூனிட்டுக்கும் சேர்த்தே கட்டணம் கூடுகிறது.

அடுத்தது கேஸ். அது பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை. வருஷா வருஷம் நிரப்பினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வெளிப்பெட்டியின் லேபிளில் ஆர்-22 என்றிருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். ஓசோனைக் கெடுக்கும் அந்த கேஸை, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகமே படிப்படியாகக் கைவிட்டு வருகிறது.

ரிப்பேர் செலவு புதியதின் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

அதையும் தை மாதத்திலேயே செய்துவிடுங்கள். கத்திரி வெயிலில் மெஷின் நின்றால், கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் தியாகதுருகம் வர நாலு நாள் ஆகலாம். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது, உடம்பும் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றாது. அந்த நாலு ராத்திரியை இந்த உடம்பு தாங்குமா? மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இருக்கிறது.