பூனைக்கு விளையாட்டு! எலிக்கு?

மணிபர்சில் நூலைக் கட்டி நடுத்தெருவில் போடுவார்கள். யாராவது குனிந்து எடுக்கப் போனால் "சர்"ரென்று இழுப்பார்கள். அது ஒரு காலத்துக் குறும்பு.

ஏப்ரல் முதல் தேதி வந்தால் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் எழுத்தைச் செதுக்கி, மையில் தோய்த்து, அடுத்த பையனின் வெள்ளைச் சட்டையில் "டப்" என்று முத்திரை குத்துவார்கள். அது பள்ளிக்கூடத்துக் குறும்பு.

இப்போது குறும்பு தெருவை விட்டு மேஜைக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்துவிட்டது!

விஷயம் தெரிந்தவன் விளையாடுகிறான். தெரியாதவர் திருதிருவென்று விழிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

இது சரியா? தப்பா?

சிரிப்பதில் தப்பு இல்லை. எவ்வளவு நேரம் சிரிப்பது, சிரித்து முடித்தபிறகு என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செத்த எலி

சென்னையில் எத்தனையோ ஆபீசுகளில் நடக்கும் கதை இது.

கணக்குப் பிரிவுப் பெரியவர் டீ குடித்துவிட்டு வந்து உட்காருகிறார். மவுசைப் பிடித்து நகர்த்துகிறார். திரையில் அம்பு அசையவில்லை. மேஜையில் ஒரு தட்டு தட்டுகிறார். ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகுகிறார். ஊகும்!

"என்ன சார் ஆச்சு?" என்று பின்சீட்டு வாலிபன் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கேட்கிறான்.

"எலி செத்துப்போச்சுப்பா!" என்கிறார் பெரியவர்.

ஆபீசே சிரிக்கிறது. மவுசைத் திருப்பிப் பார்த்தால், அதன் வயிற்றில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம்!

மவுசின் அடியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மேஜையைப் பார்க்கும் ஒரு "கண்"ணும் இருக்கிறது. மவுஸ் நகரும்போது கண்ணுக்கு முன்னால் மேஜை ஓடும். அதைப் பார்த்துத்தான் அம்பும் ஓடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டால் அம்பு நின்றுவிடும். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

காகிதத்தைப் பிய்த்தால் எலிக்கு உயிர் வந்துவிடும். பெரியவரும் சிரித்துவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

பேய் பிடித்த பெட்டி

இப்படி இன்னும் பல குறும்புகள் இருக்கின்றன. வைத்தியம் தெரிந்தால் பயம் போய்விடும்.

திரையில் படங்கள் வரிசையாக இருக்கும். எதைத் தட்டினாலும் திறக்காது. காரணம், அவை நிஜம் அல்ல, போட்டோ! திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக ஒட்டிவிட்டு, உண்மையானவற்றை ஒளித்துவிடுவார்கள். திரையின் காலியிடத்தில் மவுசின் வலது பொத்தானை அமுக்கி, "வியூ" என்பதற்குள் போய், "ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்" என்பதைத் தட்டினால் ஒளிந்தவை ஓடிவரும்.

சில கம்ப்யூட்டர்களில் "கண்ட்ரோல்", "ஆல்ட்", கீழ் அம்பு மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திரை தலைகீழாகிவிடும். விவரம் தெரியாதவர் மானிட்டரைத் தூக்கித் திருப்பி வைக்கப் பார்ப்பார்! மேல் அம்பைச் சேர்த்து அமுக்கினால் பழையபடி நிமிர்ந்துவிடும்.

இன்னொரு குறும்பு, ஒயர் இல்லாத மவுஸ். அதன் குட்டிப் பொட்டை அடுத்தவர் பெட்டியின் பின்புறம் யாரும் பார்க்காமல் செருகிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தபடியே மவுசை நகர்த்துவார்கள். அங்கே அம்பு தானாக நடக்கும்!

"ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சோமே, அப்புறமும் இன்னாப்பா இது பேஜாரு?" என்று கேட்டவர்கள் உண்டு.

நீலத் திரை தெரியுமா? விண்டோஸ் கம்ப்யூட்டர் அடியோடு மடங்கும்போது வரும் திரை. அதைப் போலவே பொய்த் திரை காட்டும் "ஸ்கிரீன்சேவர்" ஒன்றும் உண்டு. மார்க் ரஷினோவிச் என்ற நிபுணர் எழுதியது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் தளத்திலேயே அது கிடைத்து வந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். ஆனால் அதைத் தெரியாதவருக்கு, போவது உயிர்!

பிஸ்கட் கொடு!

இந்தக் குறும்பு இன்று நேற்று வந்தது அல்ல.

1970-வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஒரு குறும்புப் புரோகிராம் உலவியது. வேலை செய்துகொண்டிருப்பவரை வழிமறித்து, "பிஸ்கட் கொடு!" என்று அது கேட்கும். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள "குக்கி" என்ற சொல்லை டைப் செய்தால் விட்டுவிடும். பிஸ்கட் கொடுத்தால் வாலாட்டும் நாய்போல!

1982-ல் நடந்தது கொஞ்சம் பெரிய சமாசாரம். ரிச் ஸ்கிரென்டா என்ற 15 வயது மாணவன். பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தவன். நண்பர்களுக்குக் கொடுக்கும் விளையாட்டு "பிளாப்பி"களில் ஏதாவது சேட்டை செய்துவைப்பது அவன் வழக்கம். நண்பர்கள் உஷாராகி, "எங்க பிளாப்பியைத் தொடாதே!" என்று சொல்லிவிட்டார்கள்.

பையன் விடுவானா? தொடாமலே தொற்றும் ஒரு புரோகிராமை எழுதினான். ஆப்பிள்-2 கம்ப்யூட்டரில் அது தங்கிக்கொண்டு, போடும் பிளாப்பிக்கெல்லாம் பரவியது. 50-வது தடவை பெட்டியைத் திறந்தால் திரையில் ஒரு சின்னப் பாட்டு வரும். அவ்வளவுதான். எதையும் அழிக்கவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

அதன் பெயர் "எல்க் குளோனர்". வீட்டுக் கம்ப்யூட்டர்களில் வெளியே பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று என்று சரித்திரத்தில் அது இடம்பெற்றுவிட்டது. நண்பர்களிடம் விளையாட எழுதியது, முகம் தெரியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டது.

1980-களின் கடைசியில் "காஸ்கேட்" என்ற வைரஸ் வந்தது. டைப் செய்த எழுத்துகள் மழைத்துளிபோல் பொலபொலவென்று உதிர்ந்து திரையின் அடியில் குவியும். பார்ப்பதற்கு அழகுதான். அவசரமாக வேலை முடிக்கவேண்டியவனுக்கு அழகா தெரியும்?

பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராண சங்கடம்!

தன் கையாலே...

2001-ல் இன்னொரு கூத்து நடந்தது. உலகம் முழுவதும் ஒரு ஈமெயில் சுற்றியது. "உங்கள் கம்ப்யூட்டரில் இந்தப் பெயரில் ஒரு பைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வைரஸ். உடனே அழியுங்கள். நண்பர்களுக்கும் சொல்லுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது.

தேடினார்கள். பைல் இருந்தது! பதறிப்போய் அழித்தார்கள். நண்பர்களுக்கும் அனுப்பினார்கள்.

விஷயம் என்னவென்றால், அது வைரசே அல்ல. விண்டோசுக்குச் சொந்தமான பைல். அன்றைய பெட்டிகள் பலவற்றில் இருந்ததுதான்! மறு ஆண்டு, கரடிப் பொம்மைப் படம் போட்ட வேறொரு பைலைக் காட்டி இதே நாடகம் அரங்கேறியது.

இதில் வைரஸ் எழுதத் தெரிந்தவன் தேவைப்படவில்லை. பயமுறுத்தத் தெரிந்தவன் போதும். அகப்பட்டவர்கள் யார்? அடுத்தவருக்கு நல்லது செய்ய நினைத்த அப்பாவிகள். தன் வீட்டுக் கதவைத் தானே கழற்றி வீசிவிட்டு, பக்கத்து வீட்டாரிடமும் "நீங்களும் கழற்றுங்க" என்று சொன்ன கதை அது.

அதே திரை, வேறு ஆள்

இங்கேதான் சிரிப்பு நிற்கவேண்டும்.

பின்சீட்டு வாலிபன் காட்டிய பொய்த் திரையை இன்று வேறொருவனும் காட்டுகிறான். அவன் திருடன்!

வீட்டில் தாத்தா ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பு எழுத்து. "அபாயம்! உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது!" காதைப் பிளக்கும் சங்கு ஒலி. கீழே ஒரு போன் நம்பர். போன் செய்தால் இனிமையாகப் பேசுகிறான். பெட்டியைத் தன் வசம் ஒப்படைக்கச் சொல்கிறான். பிறகு பணத்தைக் கறக்கிறான்.

இது பூட்டும் அல்ல, வைரசும் அல்ல. பெரும்பாலும் திரையை அடைத்து நிற்கும் வெறும் படம். "எஸ்கேப்" பொத்தானை அமுக்கிப் பிடித்தால் சுருங்கிவிடும். அதற்கும் மசியாவிட்டால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிடலாம். அந்த நம்பருக்கு மட்டும் போன் செய்யக்கூடாது.

"டிஜிட்டல் கைது" என்பதும் இதே ஜாதிதான். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் தோன்றி மிரட்டுவான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமர் மோடியே வானொலியில் எச்சரித்தார். பதறாமல் நின்று யோசிக்கும்படி சொன்னார்.

ஆபீஸ் குறும்புக்கும் இந்தத் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இரண்டுக்கும் முதல் ஒன்றே: தெரியாதவரின் பயம்!

வாயை அடைப்பது எது?

பயத்தைவிடப் பொல்லாதது வெட்கம்.

"இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று நாலுபேர் நடுவே ஒருமுறை சிரித்துவிட்டால், அந்தப் பெரியவர் அடுத்தமுறை சந்தேகம் கேட்க வாய் திறப்பாரா? திறக்கமாட்டார். தானே எதையாவது தட்டுவார். மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டதையும் மறைப்பார்.

பணம் பறிபோனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்தால், திருடன் கைக்குப் போய்ச் சேருமுன் பணத்தைப் பாங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. ஆனால், "பையனுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவானே, மருமகள் என்ன நினைப்பாளோ" என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, மறுநாள் மெல்லச் சொன்னால், பணம் எங்கோ போயிருக்கும்.

அவர் வாயை அடைத்தவன் திருடன் மட்டும் அல்ல. வீட்டுச் சிரிப்புக்கும் அதில் பங்கு உண்டு.

குறும்புக்கும் எல்லை

அதற்காகக் குறும்பே கூடாதா? அப்படிச் சொன்னால் ஆபீஸ் சுடுகாடாகிவிடும்! விளையாடட்டும். எல்லை தெரிந்து விளையாடட்டும்.

செய்துகொண்டிருக்கும் வேலைக்குச் சேதம் வரக்கூடாது. பாதிக் கடிதம் டைப் செய்திருப்பவரின் பெட்டியை அணைப்பது குறும்பு அல்ல, கொடுமை. டைப் செய்யும் பெயர் தானாகவே வேறு சொல்லாக மாறும்படி வைப்பதும் அப்படித்தான். கவனிக்காமல் அந்தக் கடிதம் வாடிக்கையாளருக்குப் போய்விட்டால், மெமோ வாங்குவது யார்? குறும்பு செய்தவனா?

பாங்கிக் கவுண்ட்டர், ஆஸ்பத்திரி, டிக்கெட் கொடுக்கும் இடம் - இங்கெல்லாம் விளையாட்டே கூடாது. வரிசையில் நிற்பவனுக்கு என்ன அவசரமோ!

அடுத்தவரின் பாஸ்வேர்டைத் தொடக்கூடாது. அவர் விழிப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடக்கூடாது. அரை நிமிடத்தில் முடியவேண்டிய கேலியை ஆயுசுக்கும் நீட்டுகிற வேலை அது.

சட்டமும் இருக்கிறது. உரியவர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரில் நுழைந்தாலோ, அதன் வேலையைக் கெடுத்தாலோ, நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்கிறது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். நேர்மையற்ற எண்ணமும் சேர்ந்தால் மூன்று ஆண்டுவரை ஜெயில், ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். "சும்மா தமாஷுக்குத்தான் சார்" என்று கோர்ட்டில் சொல்லிப் பார்க்கலாம்!

சிரிப்புக்குப் பிறகு பாடம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. விளையாடியவனே அவிழ்த்துக் காட்டவேண்டும்.

"இங்க பாருங்க சார், காகிதம் ஒட்டியிருந்தேன். இது இப்படித்தான் வேலை செய்யுது" என்று மவுசைத் திருப்பிக் காட்டட்டும். "இந்த நீலத் திரை பொய். இப்படிப் பொய்த் திரை காட்டித்தான் திருடனும் ஏமாத்துவான்" என்று சொல்லிக்கொடுக்கட்டும். அப்போது அந்தக் குறும்பே பாடமாகிவிடும். ஒருமுறை பொய்த் திரையைப் பார்த்துச் சிரித்தவர், அடுத்தமுறை திருடனின் திரையைப் பார்த்துப் பதறமாட்டார். அம்மைக்குப் போடும் ஊசிபோல!

பெரியவர்களும் ஒன்று செய்யலாம். டீ குடிக்க எழுந்திருக்கும்போது, விண்டோஸ் பொத்தானையும் "எல்" எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். குறும்பனும் புகமுடியாது, திருடனும் புகமுடியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். இன்று சிரிக்கும் வாலிபனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, அவன் எத்தனை முறை விழுந்தான் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

கேலி செய்தவனும் கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரித்தால் அது குறும்பு. ஒருவர் மட்டும் சிரித்தால் அது வேறு.

அடுத்தமுறை எலியின் வயிற்றில் காகிதம் ஒட்டும் பூனைகள், இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!