வரைந்ததும் கண்டதும்

செல்லுக்குள் நேரில் படம்பிடிக்கப்பட்ட காட்சி என்று சொல்லி, ஒரு கணினி அசைவூட்டத்தை நம் கட்டுரையாளர்கள் சிலர் இன்றும் எடுத்தாள்கிறார்கள். 2006இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக உருவாக்கப்பட்டது அது. நுண்குழல் ஒன்றின்மீது ஒரு புரதம் பெரும் மூட்டையை இழுத்தபடி நிதானமாக அடியெடுத்து வைக்கிறது. அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது வரையப்பட்டது. அதன்மேல் 'உயிரின் நடனம்', 'அணுவுக்குள் பேரண்ட ஒழுங்கு' என்றெல்லாம் எழுப்பப்படும் தத்துவ மாளிகைகளை நாம் ஏற்பதற்கில்லை.

உண்மையில் நுண்ணோக்கி காட்டுவது என்ன? செல் வெளியிலிருந்து விழுங்கியவற்றை ஏந்திச் செல்லும் நுண்பைகள் எண்டோசோம்கள். ஒளிரும் புரதம் ஏற்றப்பட்ட அவை திரையில் வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. அப்புள்ளிகள் திடீரென ஓடுகின்றன, நிற்கின்றன, நடுங்குகின்றன, வந்த வழியே திரும்புகின்றன. இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிட்டால் எண்டோசோம்கள் இணைந்துவிட்டன என்று முடிவுகட்டவும் இயலாது. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. உரசி நின்றனவா, கலந்தனவா என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். தெளிவு வேண்டி ஒளியைக் கூட்டினாலோ, செல்லே நலிந்துபோகும்.

இத்தனை குறையுள்ள புள்ளிகளால் என்ன பயன் என்று கேட்பார்கள். முந்துநிலை எண்டோசோமிலிருந்து சரக்கு வேறொரு பையில் ஏறிப் பிந்துநிலைக்குச் செல்கிறதா, அல்லது முந்தையதே பிந்தையதாக மாறுகிறதா என்பது நெடுநாள் வழக்கு. அசையாப் படங்களால் அதைத் தீர்க்க முடியவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மரினோ செரியல் குழுவினர், தனித்தனி எண்டோசோம்களை விடாது பின்தொடர்ந்து 2005இல் விடை தந்தார்கள். முந்துநிலையின் அடையாளமான ராப்5 புரதம் மங்க, பிந்துநிலைக்குரிய ராப்7 அதே எண்டோசோமின்மீது சில நிமிடங்களில் ஏறியது. பை மாறவில்லை, பையின் அடையாளம் மாறியது. எந்த ஓவியனும் கற்பனையால் இதைத் தீர்த்திருக்க முடியாது.

ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. மெய்யா உயிர்மெய்யா என்று இடம்நோக்கிப் படித்தவர்களின் உழைப்பால் நூல்கள் நமக்குக் கிடைத்தன. அந்த மரபில் வந்த வாசகர்கள், ஐயத்தோடு படிக்க வேண்டிய புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, ஐயமே இல்லாத ஓவியத்தைச் சான்றாக நீட்டுவது தகுமா? உவமை வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். 'இது வரைந்தது' என்ற இரு சொற்களை மட்டும் உடன் சேர்க்கட்டும். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.