முதல்ல நீ வை அக்கா!

ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு ஊருக்குப் போறீங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வீடு எப்படி இருக்கு? அப்பா கையில வாட்ஸ்அப், அம்மா எதிரே டி.வி. சீரியல், நாலாம் வகுப்பு தம்பி கையில வீடியோ கேம். பாட்டி மட்டும் எல்லார் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ''டேய், போனை வைடா!''னு தம்பியை அதட்டறீங்க. உங்க கையிலயும் போன்!

அப்படி அதட்டின என் தோழிக்குக் கிடைச்ச பதில், ''முதல்ல நீ வை அக்கா!''

சுருக்குனு தைச்சிருச்சு. வீட்டில் இருந்த அத்தனை போனையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். டி.வி.யும் ஆஃப். பதினைந்தே நிமிஷம். 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்ததும் தம்பி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

ஆச்சரியம் பாட்டிதான். 1950-லிருந்து 1954 வரை 'கல்கி'யில் அது வாராவாரம் வந்தபோது, அவங்க அப்பா வாசிக்க, வீடே சுத்தி உட்கார்ந்து கேட்குமாம். அடுத்து வரப்போறவங்களைப் பத்தி ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ''கண்ணு மங்கினதும் புத்தகத்தை விட்டுட்டேன். கதை எனக்குள்ளதான் இருந்துச்சு. யாரும் கேக்கலையேடி...''

அந்த ஒரு வரிக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டிலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவங்க புத்தகம் வாசிக்கட்டும், கதை சொல்லட்டும் என்பதும் அதே அறிவுரையில் இருக்கு. பிடுங்கினா மட்டும் போதாது பாஸ், பதிலுக்கு ஏதாவது தரணும்!

ரொம்ப சிம்பிள். டின்னுக்குள் முதலில் போவது உங்க போனாக இருக்கட்டும். தினமும் ஒரே நேரம். 'அய்யோ, அப்புறம்?'னு கேட்கிற இடத்துல புத்தகத்தை மூடுங்க. கல்கியின் நூல்கள் அரசுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் தாராளமா கிடைக்கும். அதுவும் வேண்டாமா? ஊர் நூலகம் இருக்கவே இருக்கு.

லீவு முடிஞ்சு தோழி ஹாஸ்டல் திரும்பிட்டாள். போன வாரம் தம்பி போன் பண்ணினான். ''அக்கா, பாட்டிக்கு இப்ப நான்தான் வாசிக்கறேன். சீக்கிரம் வை, டின்னை மூடணும்!''

இந்த வாரம் ஊருக்குப் போறீங்கதானே? சார்ஜரை மறந்தாலும் பரவாயில்லை... பையில ஒரு புத்தகம் இருக்கட்டும்!