நியான் வெளிச்சத்தில் ஒரு விவிலியம்

பெயரைக் கேட்டதுமே தீர்ப்பெழுதிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கனடாவின் மொன்றியால் நகரைச் சேர்ந்த 'ஆர்கேட் ஃபயர்' என்னும் ராக் இசைக்குழு, 2007 மார்ச்சில் வெளியிட்ட தன் இரண்டாவது இசைத்தொகுப்புக்கு 'நியான் பைபிள்' என்று பெயரிட்டது. இறைவார்த்தையைக் கடைத்தெரு விளக்கோடு இணைக்கும் இத்தலைப்பைத் திருநிந்தனை என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று சொல்வேன்: முதலில் செவிகொடுங்கள், பிறகு தீர்ப்பிடுங்கள்.

இத்தொகுப்பு உருவான இடத்தைப் பாருங்கள். கியூபெக் மாநிலத்து ஃபார்னம் என்னும் சிற்றூரில், வழிபாடு நின்றுபோன சிறு ஆலயம் ஒன்றை விலைக்கு வாங்கி, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினர் இவ்விளைஞர். மொன்றியாலின் புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்துக் குழாய் ஆர்கனை இசைத்துப் பதிவுசெய்தனர். புடாபெஸ்ட் நகரில் முழு இசைக்குழுவையும் ஆண்களின் படைப்பாடகர் குழுவையும் அமர்த்தினர். 2004-இல் வந்த முதல் தொகுப்பின் எளிமை இங்கே பேரிசையாய்ப் பெருகியது.

திருச்சபையின் கருவியை உலகப் பாடலுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்போர் உண்டு. குழாய் ஆர்கனைப் பெரிதும் மதிக்குமாறு 1963-இல் நமக்குச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டின் 120-ஆம் எண்ணில். நாம் மதித்தோமா? 1960-களின் 'அமைதிப் புரட்சி'க்குப் பின் கியூபெக்கின் ஆலயங்கள் வெறுமையாயின, பல விற்கப்பட்டன. கூடிப் பாட மக்கள் இல்லாத கட்டடத்தை ஒருவர் வாங்கினால், அது வாங்கியவரின் குற்றமா, வெறுமையாக்கியவரின் குற்றமா?

பாடல்களின் உள்ளடக்கத்துக்கு வருவோம். இறைப்பணி என்ற பெயரில் தன் வீட்டாரைக் கைவிட்டவனை ஒரு பாடல் கேள்வி கேட்கிறது. கடவுளிடம் மன்றாடியபடியே தன் மகளைப் புகழின் சந்தைக்குத் தள்ளும் தகப்பனை மற்றொன்று நம்முன் நிறுத்துகிறது. இவை இறைவனைப் பழிக்கவில்லை. இறைவனின் பெயரால் கடைவிரிப்பவரையே சாடுகின்றன. எருசலேம் கோவிலில் சாட்டை பின்னியவர் யார் என்பதை நாம் மறந்துவிட்டோமா? நீதியில்லாத விழாக்களின் இசையை ஆண்டவர் வெறுக்கிறார் என்று முழங்கிய ஆமோஸ் இறைவாக்கினர் அல்லரோ?

குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. இவ்விசையில் கோபம் உண்டு. அதைத் தாங்கும் நம்பிக்கை குறைவு. ஆலயத்தின் ஒலியை எடுத்துக்கொண்டவர்கள், அங்கே முழந்தாளிட்ட பாட்டிமாரின் அமைதியான விசுவாசத்தை எடுத்துக்கொள்ளவில்லை. போலியைத் தோலுரிப்பது எளிது. மெய்யைக் காட்டுவது அரிது.

ஆனால் அந்த அரிய பணி யாருடையது? ராக் பாடகருடையதா? திருமுழுக்குப் பெற்ற நம்முடையதன்றோ! திருவிழா மின்விளக்குகளின் எண்ணிக்கையில் பங்கின் பெருமையை அளக்கும் நமக்கு, நியான் என்ற சொல் சுடத்தான் செய்யும். சுட்டதற்காகப் பாடியவரைப் பழிப்பதைவிட, விளக்குகளை அணைத்துவிட்டு நற்கருணைப் பேழையின் முன் எரியும் அச்சிறு சுடரின் அருகே சற்று நேரம் அமர்வது மேல்.