கைப்பேசி காட்டும் ஆற்றுப்படை

ஊர் சுற்றுவதை வீண் பொழுதுபோக்கு எனப் பெரியோர் சிலர் கருதுவதுண்டு. நாம் அக்கருத்துடையோம் அல்லோம். பூமியில் பயணம் செய்து படைப்பின் வியப்பைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் மனிதனைத் தூண்டுகிறது. 1325ஆம் ஆண்டில் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, பற்பல நாடுகளைக் கண்டு நம் மதுரைக்கும் வந்து சென்றார். எனவே, விடுமுறை நாளில் மலைவளம் காண மோட்டார் சைக்கிளில் புறப்படும் மாணவரை நாம் தடுக்கப் போவதில்லை. அவர்கள் எவ்வாறு வழி தேர்கின்றனர் என்பதே நாம் எழுப்பும் வினா.

இன்று வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்துவோர் அரியர். கையடக்கக் கைப்பேசியே வழிகாட்டியாகிவிட்டது. இக்கருவி நமக்கு அயலானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் பேரறிஞர், ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தொகுத்து நூல் செய்தவர். கணினி வழிதேடக் கையாளும் கணக்கு முறைக்குரிய 'அல்காரிதம்' என்ற சொல்லும் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. கூகுள் மேப்ஸ் செயலி, இருசக்கர வாகனத்திற்கெனத் தனி வழிமுறையை 2017 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகம் செய்தது. அது முதல் இளைஞர்க்கு அது இணைபிரியாத் துணையாயிற்று.

ஆயினும், அக்கருவி விரைவை அறியும், அழகை அறியாது. வாணியம்பாடியிலிருந்து திருவண்ணாமலைக்கு வழி கேட்டால், திருப்பத்தூர், செங்கம் வழியாகச் சமவெளிச் சாலையையே அது பெரும்பாலும் காட்டும். ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் என்று இடைநிறுத்தங்களை நாமே வரிசையாகக் குறித்தால்தான் ஜவ்வாது மலைப்பாதை திரையில் விரியும். 1986ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை நோக்கி நிற்கும் காவலூர்ப் பெருந்தொலைநோக்கியும், சாமை விளையும் மலைச்சரிவுகளும் அப்பாதையில்தான் உள்ளன. ஆக, கண்டு மகிழத்தக்க வழியைத் தேர்வது கருவியன்று, தேர்வோனின் அறிவே.

இவ்விடத்தில் தமிழ் மாணவர் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். செங்கத்தையும் சேயாற்றையும் சார்ந்த இந்நிலத்திற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டி நூல் ஒன்று எழுந்துவிட்டது. பெருங்கௌசிகனார் நன்னன் மீது பாடிய மலைபடுகடாம் அது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டு, மலையின் ஓசைகளையும் அழகையும் மட்டும் பாடி நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் இடம் எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, வழுக்கும் நிலத்தை எவ்வாறு கடப்பது என்றெல்லாம் கூத்தருக்கு எடுத்துரைக்கிறது. எந்த ஊரார் எவ்வாறு விருந்தோம்புவர் என்பதையும் சொல்கிறது. அழகும் ஆபத்தும் ஒரே பாதையில் உள்ளன என்று உணர்ந்த புலவரின் வழிகாட்டல் அது.

கைப்பேசி இவற்றை முழுதும் அறியுமா? 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்துப் பரேலியை அடுத்து, ஒரு பகுதி வெள்ளத்தில் அழிந்திருந்த பாலத்தினின்று கார் ஒன்று ராமகங்கை ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். செயலி காட்டிய வழியை நம்பிச் சென்றனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிர்நீத்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றோர். இவ்வெண்களுக்குப் பின்னால் கண்ணீர் வடிக்கும் தாய்மார் இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

ஆதலின், புறப்படுமுன் வரைபடத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்துக் கொள்க. மலையில் தொலைத்தொடர்பு அறுவதுண்டு. செல்லும் வழியை வீட்டாரிடம் கூறிச் செல்க. இருள் சூழுமுன் மலையிறங்குமாறு நேரத்தை வகுத்துக் கொள்க. கொண்டைஊசி வளைவில் திரையை நோக்காது சாலையை நோக்குக. ஓட்டுபவரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிக. அடிவாரத்துத் தேநீர்க்கடையில் நின்று, "அண்ணே, மேலே சாலை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. நேற்றுப் பெய்த மழையில் சரிந்த பாறையைச் செயற்கைக்கோளுக்கு முன்னே அறிந்திருப்பவர் அவரே.

இன்னும் ஒன்று உண்டு. கிளைவழிகள் பிரியுமிடத்தில், பின்வருவோர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு மலைபடுகடாம் கூத்தரைப் பணிக்கிறது. பாதையில் கிடக்கும் தீங்கு தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இவ்விரண்டும் உணர்த்தும் அறம் ஒன்றே: வழி என்பது நமக்கு மட்டும் உரியதன்று. அடைபட்ட சாலையையும் தவறான வழியையும் செயலியில் தெரிவிக்க இன்று வாய்ப்பு உண்டு. அழகிய காட்சியைப் படம்பிடித்துப் பகிரும் விரல், அந்த ஓர் எச்சரிக்கையையும் இட்டால் என்ன? முகமறியா ஒருவரின் மகன் அதனால் உயிர் பிழைக்கக்கூடும்.

வழியால் பயன்பெறுவோர் பலர். வழிக்குப் பயன்படுவோர் சிலரே. நம் மாணவச் செல்வங்கள் அச்சிலருள் ஒருவராக விளங்குதல் வேண்டும். கைப்பேசியில் வழி காண்க. கண்ணால் அழகு காண்க. பின்வருவோர்க்காக ஒரு புல்முடியேனும் இட்டுச் செல்க. செல்லும் பயணங்கள் யாவும் நலமே முடிய வல்ல இறைவன் அருள்புரிவானாக!