ஒப்பந்த எடைச் சண்டைகளில் நியாயம் நிலவ வேண்டிச் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்:
உலகக் குத்துச்சண்டைப் பட்டங்களை வழங்கும் நான்கு மன்றங்களின் தலைவர்கள்; நெவாடா, நியூயார்க், கலிபோர்னியா மாநில ஆணையங்களின் அதிகாரிகள்; பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தார்.

கனம் பொருந்திய ஐயன்மீர், அம்மையீர்,

குத்துச்சண்டை வீரர்களும் பயிற்சியாளர்களும் அபிமானிகளும் அடங்கிய எமது சங்கத்தார் வணக்கத்துடன் விண்ணப்பித்துக்கொள்வது:

தங்கள் பரிபாலனத்திற்கு உட்பட்ட தொழில்முறைக் குத்துச்சண்டையில், வகுப்பு எல்லைக்குப் புறம்பாக இரு தரப்பாரும் பேசி முடித்துக்கொள்ளும் கேட்ச்வெயிட் என்னும் ஒப்பந்த எடை முறையானது, ஆதியில் ஒரு சௌகரியமாகத் தோன்றி, இன்று செல்வாக்குள்ளவன் செல்வாக்கற்றவனை வாட வைத்து மேடையேற்றும் உபாயமாக மாறிவிட்டதைத் தங்கள் கவனத்திற்குக் கொணர்ந்து, அதற்குப் பரிகாரம் கோருவதே இம்மனுவின் நோக்கம்.

ஒப்பந்த எடை முழுவதுமே அநீதி என்று நாங்கள் வாதிக்க வரவில்லை. 147 ராத்தலுக்கும் 154 ராத்தலுக்கும் இடையே இயல்பாகவே நிற்கும் இருவர், பட்டம் எதனையும் பணயம் வைக்காமல், சமமான சிரமத்தோடு 150இல் சந்திப்பார்களாயின் அதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் ஒருவன் தன் சுபாவமான எடையில் உண்டு உறங்கி வர, மற்றவன் நீராவி அறையில் அமர்ந்தும், வியர்வைச் சட்டை அணிந்து ஓடியும், நாவை நனைக்கவும் நீரின்றி எச்சிலைக் குவளையில் துப்பிக்கொண்டும் கடைசி இரண்டு ராத்தலைக் கரைக்க வேண்டியிருக்குமானால், அவ்வொப்பந்தத்தில் கையொப்பம் இரண்டு இருப்பினும் சம்மதம் ஒன்றே. எவனைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதோ அவனே எண்ணைக் குறிக்கிறான். மற்றவன், வாழ்நாளில் ஒருமுறை கிட்டக்கூடிய ஊதியத்தைக் கைவிட மனமின்றித் தலையசைக்கிறான்.

இதனினும் விபரீதம், ஒரு வகுப்பின் பட்டத்தையே அவ்வகுப்பிற்குரியதல்லாத எடையில் பணயம் வைப்பது. 1988 நவம்பர் 7ஆம் தேதி லாஸ் வேகாஸில் சுகர் ரே லெனர்டை எதிர்த்தபோது, 175 ராத்தல் வகுப்பில் பட்டம் தாங்கியிருந்த டானி லலோண்ட் 168க்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. அந்த ஒரே சண்டையில் லைட் ஹெவிவெயிட் பட்டமும், அப்பொழுதுதான் புதிதாக ஏற்படுத்தப்பட்ட சூப்பர் மிடில்வெயிட் பட்டமும் ஒருங்கே லெனர்டின் இடுப்பை அடைந்தன. 2009 நவம்பரில் மிகேல் கோட்டோ தமது 147 ராத்தல் வெல்டர்வெயிட் பட்டத்தை மேனி பாக்கியாவோவுக்கு எதிராக 145இல் காக்கும்படி நேர்ந்தது. மறு ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில், அந்தோணியோ மார்கரிட்டோவுடன் நிகழ்ந்த 154 ராத்தல் வகுப்புப் பட்டச் சண்டைக்கு 150 என்று எல்லை குறித்தார்கள், பாக்கியாவோ 144.6 ராத்தலில் தராசேறி, வெல்டர்வெயிட் எல்லையைக்கூட எட்டாமலே அதற்கு மேற்பட்ட வகுப்பின் உலக வீரராக முடிசூட்டப்பட்டார். பாக்கியாவோவின் திறமையில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவருடைய இடது கையின் வேகத்தை ரசிக்காதவர் எமது சங்கத்தில் எவருமில்லை. பட்டம் வழங்கியவர்களின் கணக்கைத்தான் கேட்கிறோம்.

அதே சண்டை நாளில் மார்கரிட்டோ 165 ராத்தலும் பாக்கியாவோ 148 ராத்தலும் இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. முந்தைய நாள் ஐந்தரை ராத்தலுக்கும் குறைவாயிருந்த வித்தியாசம் ஒரே நாளில் பதினேழு ஆயிற்று. பெரியவரை உலர்த்தவும் செய்து, சிறியவரைக் காக்கவும் தவறிய அவ்வொப்பந்த எண் யாருக்குத்தான் உபகாரமாயிற்று? சிறியவர் பெரியவரின் கண்குழி எலும்பை முறித்து வென்றார் என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் அத்தகைய கைகள் வாய்ப்பதில்லை. 2000 பிப்ரவரியில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், 141 ராத்தல் என்று எடை பார்க்கப்பட்ட ஆர்ட்டுரோ காட்டி மறுநாள் 160 ராத்தலோடு மேடையேறி, 145 ராத்தலே இருந்த ஜோயி கமாஷை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார்; கமாஷ் மூளையில் காயமுற்று, மீண்டும் கையுறை அணியவே இல்லை. சண்டை நாளன்று பார்த்துவந்த எடையை 1980களில் முந்தைய நாளுக்கு மாற்றியது, உலர்ந்த உடலுக்கு நீர் ஏற அவகாசம் வேண்டும் என்ற கருணையினாலேயாம். அந்த அவகாசத்தையே மூலதனமாக்கி, தன்னினும் சிறியவனைத் தேடிச் சண்டையிடும் சாமர்த்தியம் பின்னர் வளர்ந்தது.

இதற்கு மாற்றாக வந்த ‘மறுநாள் எடை’ நிபந்தனையும் இப்பொழுது ஆயுதமாகிவிட்டது. 2023இல் ஜெர்வாண்டா டேவிஸை எதிர்த்த ரையன் கார்சியா 136 ராத்தலுக்கு இறங்கியதோடன்றி, சண்டை நாள் காலையில் பத்து ராத்தலுக்கு மேல் ஏறலாகாதென்றும் கட்டுப்படுத்தப்பட்டார். 2025 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ் யூபாங்க் ஜூனியர், கானர் பென்னுடன் மோதும் முன் 160 ராத்தல் எல்லைக்கு முதலில் 160.2ம், மறுமுறை 160.05ம் காட்டினார், ஏறத்தாழ இருபத்து மூன்று கிராம் மிகுதிக்காக மூன்று லட்சத்து எழுபத்தையாயிரம் பிரிட்டிஷ் பவுண்டை அபராதமாக இழந்தார். சண்டையில் வென்று, அங்கிருந்து மருத்துவமனைக்குச் சென்றார். பாதுகாப்பிற்கென வகுத்த விதி இத்தகைய பேரத்தின் சரக்காவது தங்களுக்குச் சம்மதமா?

திறமையிருந்தால் எடை பொருட்டல்ல என்பாரும் உளர். 2024 டிசம்பரில் 226 ராத்தலே இருந்த ஹெவிவெயிட் வீரர் உசிக், 281 ராத்தல் காட்டிய டைசன் ஃப்யூரியை வென்றதைச் சான்று காட்டுவர். உசிக்கை எவரும் உலரச் சொல்லவில்லை என்பதே எமது பதில்.

ஆதலின் நாங்கள் வேண்டுவதாவது: வகுப்பின் எல்லைக்குக் குறைவான எந்த ஒப்பந்த எடையிலும் அவ்வகுப்பின் பட்டம் பணயம் வைக்கப்படலாகாது. மறுநாள் எடைக் கட்டுப்பாட்டைத் தனியார் ஒப்பந்தத்திற்கு விடாமல், தாங்களே எல்லோருக்கும் ஒன்றாக விதித்து, அதனை ராத்தல் கணக்கிலன்றி விழுக்காட்டுக் கணக்கில் வகுக்க வேண்டும். ஏனெனில் நான்கு மன்றங்களுள் ஒன்று பட்டச் சண்டைகளுக்கு முன்னர் அனுசரித்துவந்த பத்து ராத்தல் விதி, 105 ராத்தல் வீரனுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் 168 ராத்தல் வீரனுக்கு ஆறு விழுக்காடுமாக, ஒரே பெயரில் இருவேறு அளவாயிற்று. முப்பது நாள் முன்னரே எடை பார்க்கும் வழக்கமுள்ள மன்றத்தின் முறையை ஏனையோரும் மேற்கொண்டு, அந்த எண்களையும் சண்டை நாள் எடையையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

எடை தவறியவர்களைப் பற்றி இறுதியாக ஒரு வார்த்தை. 2005 அக்டோபரில் லாஸ் வேகாஸில் 135 ராத்தல் எல்லைக்குத் தராசேறிய ஹோசே லூயிஸ் காஸ்டிய்யோவுக்காக, அவருடைய பரிவாரத்தைச் சேர்ந்த மருத்துவரே காலைத் தராசின் அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடிபட்டார். மூன்றரை ராத்தல் மிகுதியோடு சண்டை நடந்தேறியது, காஸ்டிய்யோ நான்காம் சுற்றில் வென்றார். 2018இல் டோக்கியோவில் லூயிஸ் நேரி 118 ராத்தல் எல்லையை மீறித் தராசிலேயே பட்டத்தை இழந்தும், மறுநாள் ஷின்சுகே யாமனாகாவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். ஜப்பானிய ஆணையம் அவரைத் தன் நாட்டு மேடைகளிலிருந்து விலக்கிவைத்தது. அபராதம் கட்டிவிட்டுப் பெரிய உடலோடு மேடையேறுவது ஆதாயமாக இருக்கும்வரை இது நிற்காது. எடை தவறியவன் அவ்வகுப்பில் ஓராண்டு பட்டத்திற்குப் போட்டியிடத் தடையும், எடை சரியாய் வந்தவன் சண்டையிட மறுப்பானாயின் அவனுக்குப் பேசிய ஊதியம் முழுவதும் கிடைக்கும் உரிமையும் விதியாக வேண்டும். இன்றோ, நியாயமாக நடந்தவன் விலகினால் மாதக்கணக்கில் பயின்ற உழைப்பிற்கு வெறுங்கையோடு வீடு திரும்ப நேர்கிறது.

தங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இவற்றைப் பரிசீலித்து, முடிவைக் காரணத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்